ஆங்கிலம் கற்பிக்க வந்த இருவர்

குவெம்பு முதலில் ஆங்கிலத்தில்தான் கவிதை எழுதினார். கன்னடத்துக்கு முதல் ஞானபீட விருதைக் கொண்டுவந்த அதே குவெம்புதான். 1922-இல் வெளிவந்த அவருடைய சிறுநூல் முழுக்க ஆங்கிலக் கவிதைகள். அதற்குப் பிறகு, மைசூரில் மாணவராக இருந்தபோது, ஊருக்கு வந்திருந்த ஓர் ஐரிஷ் கவிஞரிடம் தன் கவிதைகளைக் காட்டியிருக்கிறார். பாராட்டை எதிர்பார்த்துத்தான் போயிருப்பார். இருபது வயசுப் பையன் வேறு எதற்குப் போவான்? வாசித்துப் பார்த்த கவிஞர், உங்கள் சொந்த மொழியில் எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். குவெம்புவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தார். அப்படி எழுதத் தொடங்கியதை எல்லாம் எடுத்துவிட்டால் நவீன கன்னட இலக்கியத்தில் பெரிய பள்ளம் விழும்.

அந்தக் கவிஞரின் பெயர் ஜேம்ஸ் கசின்ஸ். அவருக்குச் சோறு போட்ட தொழில்களில் முக்கியமானது ஆங்கிலம் கற்பிப்பது. அதுதான் என்னை நிறுத்தியது. ஆங்கில ஆசிரியர் ஒருவர், நன்றாக ஆங்கிலம் எழுதும் பையனைப் பார்த்து ஏன் அப்படிச் சொல்கிறார்? அந்தக் கேள்வியோடு தேடிப் போனபோதுதான் அவர் தனி ஆள் இல்லை, அவர்கள் இருவர் என்று தெரிந்தது. ஜேம்ஸும் மார்கரெட்டும் சேர்ந்து எழுதிய தன்வரலாறு 1950-இல் சென்னையில் வெளியானது. தலைப்பே 'வீ டூ டுகெதர்'. எழுநூறு பக்கத்துக்கு மேல். ஒரு பகுதியை அவர் எழுதுகிறார், அடுத்ததை இவர் எழுதுகிறார். ஒரே வாழ்க்கைக்கு இரண்டு சாட்சிகள்.

ஜேம்ஸ் 1873-இல் பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். புரொட்டஸ்டன்ட் குடும்பம். மார்கரெட் கில்லெஸ்பி 1878-இல் ராஸ்காமன் மாவட்டத்தின் போயில் என்ற சிறு ஊரில் பிறந்து, டப்ளினில் இசை படித்தவர். 1903-இல் கல்யாணம். இருவரும் சைவ உணவுக்காரர்கள். அந்தக் கால அயர்லாந்தில் அது பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கிற விஷயம். 1904 ஜூனில் சில நாள் அவர்கள் வீட்டில் தங்கியவர்களில் ஒருவர் வேலையில்லாமல் அலைந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஜாய்ஸ். ஜாய்ஸ் பிற்பாடு கசின்ஸைக் கேலி செய்து எழுதினார், யேட்ஸும் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. பெரிய கவிஞர்களின் வரலாறுகளில் கசின்ஸ் அடிக்குறிப்பாக மட்டும் வந்துபோவதற்கு இதுவே காரணம். 1905-இலிருந்து எட்டு வருஷம் அவர் டப்ளினில் ஒரு பள்ளியில் ஆங்கிலமும் புவியியலும் சொல்லிக்கொடுத்தார்.

மார்கரெட் வேறு ரகம். 1908-இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1910-இல் லண்டன் ஹாலோவே சிறை. 1913-இல் டப்ளின் கோட்டையின் சன்னல் கண்ணாடிகளை உடைத்ததற்காக டல்லமோர் சிறை. பியானோ வாசிக்கத் தெரிந்த கைதான் கல்லையும் எடுத்தது.

1915-இல் அன்னி பெசன்ட் அழைப்பில் இருவரும் சென்னைக்கு வந்தார்கள். பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் ஜேம்ஸுக்கு இலக்கிய உதவியாசிரியர் வேலை. வேலை கணவனுக்கு, மனைவி கூட வருகிறாள். வெளிநாட்டு வேலைக்குப் போகும் தம்பதிகளின் கதை அன்றைக்கும் இன்றைக்கும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

அந்த வேலை ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1916 ஏப்ரலில் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. பிரிட்டிஷ் அரசு அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பேட்ரிக் பியர்ஸ் பள்ளி நடத்தியவர், தாமஸ் மக்டோனா ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், இருவரும் கவிஞர்கள். கசின்ஸ் விட்டுவந்த டப்ளினின் எழுத்தாளர் உலகத்தில் நடமாடியவர்கள். அவர்களை ஆதரித்து அவர் 'நியூ இந்தியா'வில் எழுதினார். போர்க்காலம். அரசின் கண் ஏற்கெனவே அந்தப் பத்திரிகைமேல் இருந்தது. பெசன்ட் அவரை வேலையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து அவர் போனது மதனபள்ளிக்கு, தியாசபிகல் கல்லூரியில் கற்பிக்க.

மதனபள்ளி இன்று ஆந்திராவில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணம். மலைகள் சூழ்ந்த, கொஞ்சம் குளிரான சிற்றூர். மாணவர்களின் வீட்டுமொழி பெரும்பாலும் தெலுங்கு. ஜேம்ஸ் அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்தார், மார்கரெட்டும் கற்பித்தார், இசையும் சொல்லிக்கொடுத்தார். கல்லூரி தேசியக் கல்வி இயக்கத்தோடு சேர்ந்தது. அதாவது, ஆட்சியாளர்களின் மொழியைக் கற்றுத்தரும் அதே வகுப்பறையில் ஆட்சியை எதிர்க்கும் பேச்சும் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்றவர்கள் ஓர் ஐரிஷ் கணவன் மனைவி.

1917-இல் ஜேம்ஸ் வெளியிட்ட விமர்சன நூல் 'நியூ வேஸ் இன் இங்கிலிஷ் லிட்ரேச்சர்'. ஆங்கில இலக்கியத்தின் புதிய பாதைகள் என்று தலைப்பு வைத்துவிட்டு, அதற்குள் யேட்ஸோடு தாகூரையும் அரவிந்தரையும் உட்கார வைத்தார். புத்தகம் புதுச்சேரிக்குப் போனது. அரவிந்தர் தம் 'ஆர்யா' இதழில் அதற்கு மதிப்புரை எழுதத் தொடங்கினார். 1917 டிசம்பரில் ஆரம்பித்த மதிப்புரை 1920 ஜூலை வரை நீண்டது. அதுதான் பின்னாளில் 'தி ஃபியூச்சர் பொயட்ரி' என்ற நூலானது. ஒரு வாத்தியாரின் புத்தகத்துக்குக் கிடைத்த மிக நீளமான மதிப்புரை இதுவாகத்தான் இருக்கும்.

மைசூர்ச் சம்பவத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரக் கவிஞர் ஒருவர் 'நீ ஆங்கிலத்தில் எழுதாதே' என்று சொன்னால் அதை 'இது எங்கள் வீடு, நீ வெளியே நில்' என்றும் எடுத்துக்கொள்ள முடியும். நானும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் கசின்ஸ் கதவை மூடியவர் இல்லை. இந்தியர் எழுதும் ஆங்கிலத்தை ஆங்கில இலக்கியத்தின் எதிர்காலம் என்று அச்சிலேயே சொன்னவர். அப்படிப்பட்டவர் ஒரு மாணவனைத் திருப்பி அனுப்புகிறார் என்றால் காரணம் வேறு.

காரணம் அயர்லாந்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1831-இல் அங்கே தேசியப் பள்ளிகள் வந்தன, பாடமொழி ஆங்கிலம். 1845-இல் தொடங்கிய பஞ்சம் ஐரிஷ் பேசும் ஏழைகளைத்தான் அதிகம் கொன்றது, அதிகம் கப்பலேற்றியது. கசின்ஸின் தலைமுறைக்குள் பெரும்பான்மை மக்களின் நாக்கிலிருந்து ஐரிஷ் போய்விட்டது. கசின்ஸ் தம் கவிதைகளிலும் நாடகங்களிலும் ஐரிஷ் தொன்மங்களைத்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் எழுதியது ஆங்கிலத்தில். அவருக்கு வேறு வழி இல்லை. குவெம்புவுக்கு இருந்தது. தனக்குத் திரும்பிப் போக முடியாத வீட்டின் சாவி இந்தப் பையன் சட்டைப்பையில் இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் அவர் பிறந்த மண்ணை வைத்துப் பார்த்தால் பொருந்துகிறது.

மார்கரெட்டும் இதே திசையில்தான் நடந்தார். 1916-இல் கார்வே புனேயில் பெண்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். அதன் கொள்கை இது: பாடமொழி தாய்மொழி, ஆங்கிலம் ஒரு கட்டாயப் பாடம். ஆங்கிலம் வேண்டும், ஆனால் ஆங்கிலம் வழியாகத்தான் யோசிக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தியரல்லாத முதல் உறுப்பினர் மார்கரெட்.

மதனபள்ளியில் வகுப்பு முடிந்த பிறகு அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. ஊர்ப் பெண்களையும் ஆசிரியர்களின் மனைவிமார்களையும் கூட்டி ஒரு சிறு சங்கம் நடத்தினார். சங்கத்தின் பெயர் அபலா அபிவர்த்தினி சமாஜம். அபலை என்றால் பலமில்லாதவள். 1917-இல் அடையாறில் அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா ஆகியோரோடு சேர்ந்து இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியபோது, அந்த 'அபலை' பெயரில் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. பின்னால் இருந்து ஏற்பாடு செய்தவர் மார்கரெட். 1921-இல் சென்னை மாகாணம் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்குரிமை தந்தது.

இனி ஒரு மாலைப்பொழுது. 1919 பிப்ரவரி கடைசியில் தாகூர் மதனபள்ளிக்கு வந்து சில நாள் ஓய்வெடுத்தார். 28-ஆம் தேதி மாலை, கசின்ஸ் கேட்டுக்கொண்டதால் மாணவர்கள் கூடியிருந்த இடத்துக்கு வந்து 'ஜன கண மன' பாடினார். பாட்டு புதிதல்ல, 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸில் பாடப்பட்டதுதான். ஆனால் வங்காளம் தெரியாத இந்தப் பையன்கள் கேட்டவுடன் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாள்களில் மார்கரெட் மெட்டுக்கு ஸ்வரக் குறிப்பு எழுதினார். தாகூர் அங்கேயே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1950 ஜனவரி 24 அன்று அது இந்தியாவின் தேசிய கீதமானது.

அதற்கு முன்பே அந்தப் பாட்டு நம் பக்கம் வந்துவிட்டது. 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த அரசின் கீதம் அதைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதப்பட்டதுதான். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து படைக்குப் போன தமிழர்கள் அதைப் பாடியிருக்கிறார்கள். வங்காளமும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது, மெட்டு மட்டும் தெரியும்.

இருவரும் சேர்ந்து என்று புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தாலும், வேலை அவர்களை அடிக்கடி பிரித்தது. 1919-இல் கவிஞர் யோனே நொகுச்சியின் அழைப்பில் ஜேம்ஸ் தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் நவீன ஆங்கிலக் கவிதை கற்பிக்கப் போனார். ஓராண்டுக்கும் குறைவாகத்தான் அங்கே இருந்தார். அதே காலத்தில் மார்கரெட் மங்களூரில், தேசியப் பெண்கள் பள்ளியின் முதல் தலைமையாசிரியை. கூட வந்த மனைவிக்கு இப்போது சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம். வீடியோ கால் இல்லாத காலம். கடிதம் கப்பலில் போய்க் கப்பலில்தான் வர வேண்டும். தொலைதூரத் திருமணம் நம் தலைமுறை கண்டுபிடித்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போவது இன்றைக்கும் பெரிய தொழில். என் பல்கலைக்கழக நண்பன் ஒருவனும் அவன் மனைவியும் கொரியாவுக்குப் போகலாம் என்று யோசித்தார்கள். அவள் எங்களிடையே மிக நல்ல ஆங்கிலம் பேசுபவள். விவரம் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள்: "நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஆங்கிலம் தெரியாதாம்டா." அங்கே ஆங்கில உரையாடல் ஆசிரியருக்கான வழக்கமான விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஏழாவது அயர்லாந்து.

அயர்லாந்து அந்தப் பட்டியலில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் லட்சக்கணக்கான மக்கள் வேறொரு மொழி பேசிய நாடு அது. அந்த மொழியை இழந்ததற்குக் கிடைத்த சான்றிதழ்தான் இன்று 'தாய்மொழியாளர்' என்ற தகுதி. நாம் தமிழை இன்னும் முழுசாகத் தொலைக்கவில்லை, அதனால் நமக்கு அந்தத் தகுதி இல்லை. கசப்பான வேடிக்கைதான்.

என் கதையும் இதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. 2003-இல் நான் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அந்த வருஷம்தான் அரசு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினி வந்தது, வகுப்புக்குப் புரொஜெக்டர் வந்தது. எங்கள் டீச்சர் "ட்ரையாங்கிள், அதாவது முக்கோணம்" என்று இரண்டு முறை சொல்லியே பாடம் நடத்தினார். 'ஒளிச்சேர்க்கை' என்ற அழகான சொல்லை நான் இருபது வயசுக்கு மேல் ஒரு கதையில்தான் முதன்முதலில் வாசித்தேன். அந்தக் காலத்து விவாதங்களை இப்போது எடுத்துப் படித்தால் இரண்டு குரல்தான் கேட்கிறது. ஆங்கிலம் இல்லையென்றால் வேலை இல்லை என்பது ஒன்று. ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடும் என்பது இன்னொன்று. திட்டம் பிறகு கைவிடப்பட்டது, விவாதம் கைவிடப்படவில்லை.

பேட்ரிக் பியர்ஸ் அயர்லாந்தின் ஆங்கிலேயக் கல்விமுறையைப் பற்றி எழுதிய சிறுநூலுக்கு வைத்த பெயர் 'கொலை இயந்திரம்'. நான் இயந்திரங்களோடு வேலை செய்பவன். இயந்திரத்துக்கு உள்ளே போவதும் வெளியே வருவதும்தான் கணக்கு. பிள்ளை ஆங்கிலம் இல்லாமல் உள்ளே போக வேண்டும், ஆங்கிலத்தோடு வெளியே வர வேண்டும். உள்ளே போகும்போது அவனிடம் ஏற்கெனவே என்ன இருந்தது என்று இயந்திரம் கேட்காது. கசின்ஸ் தம்பதி அதைக் கேட்டார்கள். அவர்களுடைய கற்பித்தலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த ஒன்றுதான். ஆங்கிலத்தை நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள், ஷெல்லியையும் யேட்ஸையும் பேசினார்கள், ஆனால் எதிரில் இருக்கும் பையன் வெறுங்கையோடு வந்திருக்கிறான் என்று எண்ணவில்லை. மேற்சொன்ன இரண்டு குரலிலும் இது இல்லை.

அவர்களைத் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். ஐரிஷ்காரர்கள் என்றாலும் இந்தியாவில் அவர்களுக்கு வெள்ளைத்தோலின் சலுகை இருந்தது. ஒரு மதனபள்ளி வாத்தியார் டப்ளினுக்குப் போய்ப் பத்திரிகை ஆசிரியராகவோ கல்லூரி ஆசிரியராகவோ ஆகியிருக்க முடியாது. கிழக்கைப் பற்றி ஜேம்ஸ் எழுதியதில் ஆன்மிகப் பனி மூட்டம் அதிகம். இந்தியாவின் சாதியும் பசியும் அந்தப் பனிக்குள் சரியாகத் தெரிவதில்லை. அவர் கவிதைகளை இன்று யாரும் தேடி வாசிப்பதும் இல்லை.

ஆனால் விலை கொடுக்க வேண்டிய நேரத்தில் இருவரும் கொடுத்தார்கள். 1922-இல் சென்னையில் மார்கரெட் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். பத்து வருஷம் கழித்து, 1932-இல், அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக அதே சென்னையில் அவர் குற்றவாளி. தண்டனை ஒரு வருஷம், வேலூர் சிறை. லண்டன், டல்லமோர், வேலூர் என மூன்று நாட்டுச் சிறை பார்த்த இசை ஆசிரியை. கணவனோடு கூட வந்தவர் என்று யாரும் அவரை இனி சொல்ல முடியாது.

1944-இல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் போட்டது. சென்னை அரசும் பின்னர் நேருவும் பண உதவி செய்தார்கள். நாற்பது வருஷ உழைப்புக்குப் பின் இருவர் கையிலும் பெரிதாக எதுவும் சேரவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது. 'வீ டூ டுகெதர்' வெளிவந்தது அதற்குப் பிறகு. மார்கரெட் 1954 மார்ச்சில் அடையாறில் இறந்தார். ஜேம்ஸ் இரண்டு வருஷம் தனியாக இருந்தார். 1956 பிப்ரவரியில் அவர் இறந்தது மதனபள்ளியில், வேலை போனபின் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போன அதே ஊரில். குவெம்புவின் 'ராமாயண தரிசனம்' அப்போது வெளிவந்து சில வருஷம் ஆகியிருந்தது. கன்னடத்தில்.